கணினி வெப்பநிலையைக் கண்காணித்து விசிறி வேகத்தை அமைக்கும் முறை

கணினியின் விசிறி ஓயாமல் இரையும்போது, ஏதாவது ஒரு மென்பொருளைப் பதிவிறக்கி, அதில் தெரியும் பட்டையை இழுத்து வேகத்தைக் குறைத்துவிடுவதே பெரும்பாலானோர் செய்யும் முதல் காரியம். இரைச்சல் உடனே அடங்கிவிடும். ஆனால் அந்த விசிறி எதைக் குளிர்வித்துக்கொண்டிருந்தது, இப்போது அந்தப் பாகம் எவ்வளவு சூடாகிறது என்பவை தெரியாமலே போய்விடும். எனவே இந்த வேலையை இரண்டு கட்டமாகப் பிரித்துக்கொள்ள வேண்டும்: முதலில் எதையும் தொடாமல் அளப்பது, அதன்பின் மாற்றுவது. கண்டறிந்த அமைப்பை, முடிந்தவரை, மதர்போர்டின் பயாஸிலேயே (கணினி தொடங்கும்போதே இயங்கும் அடிப்படை மென்பொருள்) பதிந்துவிடுவது நல்லது என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். சோதித்துப் பார்ப்பதற்கு மென்பொருளைப் போல வசதியானது வேறில்லை. ஆனால் நிரந்தரக் காவலுக்கு அது அவ்வளவு பொருத்தமானதல்ல. அதற்கான காரணத்தை உரிய இடத்தில் பார்ப்போம்.

திரையில் தெரியும் எண்கள் எங்கிருந்து வருகின்றன

கண்காணிப்பு மென்பொருள் எதையும் தானாக அளப்பதில்லை. கணினியின் வெவ்வேறு சில்லுகளில் உள்ள உணரிகள் தரும் மதிப்புகளைப் படித்துக் காட்டுவது மட்டுமே அதன் வேலை. செயலியின் வெப்பநிலை செயலிக்குள்ளேயே இருக்கும் டிஜிட்டல் உணரியிலிருந்து வருகிறது. இன்டெல் செயலிகளில் இந்த உணரி நேரடியான வெப்பநிலையைச் சொல்வதில்லை; அனுமதிக்கப்பட்ட உச்ச வரம்புக்கு இன்னும் எத்தனை டிகிரி மீதமிருக்கிறது என்பதைத்தான் சொல்கிறது. பெரும்பாலான மாதிரிகளில் 100 டிகிரி செல்சியஸாக இருக்கும் அந்த வரம்பிலிருந்து கழித்து, நமக்குப் பழக்கமான எண்ணாக மென்பொருள் மாற்றித் தருகிறது. இதனால் வரம்பை நெருங்கும்போது அளவு நம்பகமாகவும், கணினி சும்மா இருக்கும்போது சற்றுத் தோராயமாகவும் அமைகிறது. ஓய்வு நிலையில் செயலியின் கணக்கிடும் அலகுகளான கோர்களில் ஒன்று 31 டிகிரியும் பக்கத்துக் கோர் 36 டிகிரியும் காட்டினால் கவலைப்பட ஒன்றுமில்லை.

ஏஎம்டி செயலிகளில் வேறொரு சிக்கல் உண்டு. ரைசன் 7 1700எக்ஸ், 1800எக்ஸ் ஆகியவை விசிறிக் கட்டுப்பாட்டுக்காகத் தரும் மதிப்பு, உண்மையான வெப்பநிலையைவிட 20 டிகிரி கூடுதலாக இருக்கும்படி வடிவமைக்கப்பட்டது. 2700எக்ஸில் இந்தக் கூடுதல் 10 டிகிரி. இந்த வேறுபாட்டை அறியாத பழைய மென்பொருள், நலமாக இயங்கும் செயலியைக் கொதிப்பதாகக் காட்டும்.

மதர்போர்டின் பிற பகுதிகளின் வெப்பநிலையையும், விசிறிகளின் வேகத்தையும் படிப்பது நுவோட்டான், ஐடிஇ போன்ற நிறுவனங்கள் தயாரிக்கும் சூப்பர் ஐஓ எனப்படும் சிறிய சில்லு. பிழையான எண்கள் பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகின்றன. இந்தச் சில்லில் பல உள்ளீட்டு முனைகள் இருக்கும். மதர்போர்டு தயாரிப்பாளர் அவற்றில் சிலவற்றை எந்த உணரியுடனும் இணைக்காமல் விட்டிருப்பார். இணைக்கப்படாத முனையையும் மென்பொருள் படித்துவிட்டு, 127 டிகிரி என்றோ, பூஜ்யத்துக்குக் கீழே ஏதோ ஓர் எண் என்றோ காட்டும். மதர்போர்டு எரியப்போகிறது என்று பதற வேண்டாம். ஓர் உணரி உண்மையானதா என்று அறிய எளிய வழி உண்டு: பல மணி நேரம் அணைத்து வைத்திருந்த கணினியை இயக்கியவுடன் அதன் மதிப்பு அறை வெப்பநிலையை ஒட்டி இருக்க வேண்டும், வேலைப்பளு கொடுக்கும்போது உயர வேண்டும், நிறுத்தியபின் மெல்ல இறங்க வேண்டும். எந்நேரமும் அசையாமல் ஒரே எண்ணில் நிற்பதையும், ஒரு நொடியில் 40 டிகிரி தாவித் திரும்புவதையும் பட்டியலிலிருந்து மறைத்துவிடலாம்.

கிராஃபிக்ஸ் கார்டின் மதிப்பு அதன் இயக்கி மென்பொருள் வழியாகவும், எஸ்எஸ்டி, ஹார்டு டிஸ்க் ஆகியவற்றின் மதிப்புகள் அவை தாமே வைத்திருக்கும் ஸ்மார்ட் பதிவுகள் வழியாகவும் கிடைக்கின்றன. இவை பொதுவாக நம்பத்தக்கவை.

எந்த மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது

விண்டோஸின் டாஸ்க் மேனேஜர், 2020 மே மாதப் புதுப்பிப்பு முதல் தனிக் கிராஃபிக்ஸ் கார்டின் வெப்பநிலையைக் காட்டுகிறது. செயலியின் வெப்பநிலையை அது காட்டுவதில்லை. ஆகவே தனி மென்பொருள் தேவைப்படுகிறது. கண்காணிப்புக்கு மட்டும் என்றால் எச்டபிள்யூஇன்ஃபோவைப் பரிந்துரைக்கிறேன். தொடங்கும்போதே உணரிகளை மட்டும் காட்டு என்ற தெரிவை இட்டால், தற்போதைய மதிப்பு, குறைந்தபட்சம், அதிகபட்சம், சராசரி ஆகிய நான்கையும் வரிசையாகத் தரும். அனைத்தையும் ஒரு கோப்பில் பதிவு செய்யவும் முடியும். இவ்வளவு விவரம் வேண்டாம் என்போருக்கு எச்டபிள்யூமானிட்டரும், செயலியை மட்டும் பார்க்க கோர் டெம்ப்பும் போதும். திறமூலம்தான் வேண்டும் என்போர் லிப்ரே ஹார்டுவேர் மானிட்டரைப் பயன்படுத்தலாம்.

விசிறியைக் கட்டுப்படுத்த விண்டோஸில் இன்று முதலில் எடுத்துப் பார்க்க வேண்டியது ஃபேன் கன்ட்ரோல் என்ற இலவச மென்பொருள். ஒரு காலத்தில் அனைவரும் பயன்படுத்திய ஸ்பீடுஃபேன் இன்னும் பல பழைய வழிகாட்டிகளில் பேசப்படுகிறது. ஆனால் அது புதுப்பிக்கப்படாமல் பல ஆண்டுகள் கழிந்துவிட்டதால், புதிய மதர்போர்டுகளின் சில்லுகளை அதற்கு அடையாளம் தெரியாது. கிராஃபிக்ஸ் கார்டுக்கு எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் போதுமானது. பெயரில் எம்எஸ்ஐ இருந்தாலும் மற்ற நிறுவனங்களின் கார்டுகளிலும் அது இயங்கும்.

இங்கே பாதுகாப்பு பற்றி ஒரு வார்த்தை. வன்பொருளின் உணரிகளைத் தொடவேண்டும் என்றால் இத்தகைய மென்பொருள் இயங்குதளத்தின் ஆழமான அடுக்கில் ஓர் இயக்கியை நிறுவியாக வேண்டும். இவற்றில் பல நெடுங்காலம் வின்ரிங்0 என்ற இயக்கியைச் சார்ந்திருந்தன. அந்த இயக்கியில் உள்ள பாதுகாப்புக் குறை 2020-இலேயே பதிவானது. 2025-இல் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் அதைத் தீங்கான கருவியாக அடையாளம் காட்டத் தொடங்கியது. அப்படி எச்சரிக்கை வந்தால், விதிவிலக்குப் பட்டியலில் அதைச் சேர்த்துவிட்டுத் தொடர்வது சரியல்ல. பான்ஐஓ என்ற மாற்று இயக்கிக்கு நகர்ந்துவிட்ட புதிய பதிப்பை, உருவாக்கியவரின் சொந்தத் தளத்திலிருந்தே பெற்று நிறுவுங்கள்.

மாற்றுவதற்கு முன் அளவெடுத்தல்

கணினியை இயக்கி, புதுப்பிப்பு வேலைகள் அடங்குவதற்காகக் கால் மணி நேரம் விட்டுவிட்டு, ஓய்வு நிலை மதிப்புகளைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதிகபட்ச மதிப்புகளை மீட்டமைத்து, பளு கொடுங்கள். செயலிக்கு சினிபெஞ்ச் போன்ற ஒரு சோதனையைத் தொடர்ந்து ஓடவிடலாம். பிரைம்95 இன்னும் கடுமையானது, அன்றாடப் பயன்பாட்டில் அந்த அளவு சூடு வருவது அரிது. கிராஃபிக்ஸ் கார்டுக்கு வழக்கமாக ஆடும் விளையாட்டே சிறந்த சோதனை. ஐந்து நிமிடத்தில் நிறுத்திவிடக் கூடாது. செயலி சில நொடிகளில் சூடாகும். அதன்மேல் பொருத்தப்பட்டு வெப்பத்தை வெளியேற்றும் உலோகப் பாகமான ஹீட்சிங்க்குக்குச் சில நிமிடங்கள் ஆகும். கேபினட்டின் உள்காற்று நிலைப்பட இன்னும் நேரமாகும். வெப்பநிலைக் கோடு உயர்வதை நிறுத்திச் சமமாகும் வரை, ஏறத்தாழ 20 நிமிடம், பொறுத்திருக்க வேண்டும். அன்றைய அறை வெப்பநிலையையும் கூடவே எழுதி வையுங்கள். அறை 8 டிகிரி கூடுதலாக இருக்கும் நாளில் எல்லா அளவுகளும் ஏறக்குறைய 8 டிகிரி கூடும் என்பதால், அதைக் குறிக்காத அளவுகளை இன்னொரு நாளின் அளவுகளோடு ஒப்பிடுவதில் பயனில்லை.

கிடைத்த எண்களை எப்படி மதிப்பிடுவது? உலகெங்கும் பொருந்தும் ஒரே பாதுகாப்பான வெப்பநிலை என்று ஒன்று கிடையாது. உங்கள் மாதிரிக்குத் தயாரிப்பாளர் குறிப்பிட்ட வரம்பைத்தான் பார்க்க வேண்டும். ரைசன் 7000 வரிசையின் உயர்நிலைச் செயலிகளுக்கு வரம்பு 95 டிகிரி. முழுப்பளுவில் அந்த வரம்பு வரை ஏறி, அங்கேயே நின்று, வேகத்தைச் சரிசெய்துகொள்ளும்படிதான் அவை வடிவமைக்கப்பட்டுள்ளன. அதே வரிசையின் ரைசன் 7 7800எக்ஸ்3டி-க்கு வரம்பு 89 டிகிரிதான். எனவே வெறும் எண்ணைவிட முக்கியமானது, செயலி சூட்டின் காரணமாகத் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறதா என்பதே. இதை எச்டபிள்யூஇன்ஃபோ இன்டெல் செயலிகளில் ஆம், இல்லை என்று தனி வரியிலேயே காட்டும். கிராஃபிக்ஸ் கார்டில் வழக்கமான வெப்பநிலையோடு ஹாட்ஸ்பாட் என்ற மிகச் சூடான புள்ளியின் மதிப்பும் கிடைத்தால், இரண்டுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். 10 முதல் 20 டிகிரி வரை இயல்பு. 30-ஐத் தாண்டினால் ஹீட்சிங்க் சரியாகப் படியவில்லை என்று சந்தேகிக்கலாம். எஸ்எஸ்டிகளுக்குப் பொதுவாக 70 டிகிரியும், ஹார்டு டிஸ்க்குகளுக்கு 60 டிகிரியும் உச்ச வரம்பாகக் குறிக்கப்படுகின்றன.

வரைகோட்டின் வடிவமும் ஒரு செய்தி சொல்லும். பளு தொடங்கிய ஓரிரு நொடிகளிலேயே வெப்பநிலை நேராக வரம்பில் போய் முட்டினால், குறை விசிறியில் இல்லை. செயலிக்கும் ஹீட்சிங்க்குக்கும் இடையிலுள்ள தொடர்பில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் பூசப்படும் வெப்பம் கடத்தும் பசையான தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கலாம், ஹீட்சிங்க்கின் ஒரு பக்கத் திருகு தளர்ந்திருக்கலாம், அடிப்பகுதியில் ஒட்டியிருந்த பாதுகாப்புத் தாளை உரிக்காமலேயே பொருத்தியிருக்கலாம். மாறாக, பத்துப் பதினைந்து நிமிடங்களில் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே போனால் காற்றோட்டம் போதவில்லை என்று பொருள். தூசி வடிகட்டியைத் துடைப்பதே சில நேரம் போதும். எந்த மென்பொருளும் முதல் வகைக் குறையைத் தீர்க்காது.

விசிறிகளை அடையாளம் காணுதல்

இணைப்பியில் மூன்று முள்கள் கொண்ட விசிறியின் வேகம் அதற்குச் செல்லும் மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைப்பதால் மாறுகிறது. நான்கு முள் விசிறிக்கு எப்போதும் 12 வோல்ட் செல்லும்; நான்காவது கம்பியில் 25 கிலோஹெர்ட்ஸ் அளவில் வரும் துடிப்புகளின் அகலமே வேகத்தைத் தீர்மானிக்கிறது. பயாஸில் இந்த முறை தவறாக அமைந்திருந்தால் எந்த மென்பொருளும் உதவாது: துடிப்பு முறையில் விடப்பட்ட மதர்போர்டின் விசிறி முனையில் மூன்று முள் விசிறியைச் செருகினால், பட்டையை எங்கே இழுத்தாலும் அது முழு வேகத்திலேயே ஓடும். என் விசிறி கட்டுப்பட மறுக்கிறது என்ற புகார்களில் கணிசமானவற்றுக்கு இதுவே விடை.

அடுத்து, மென்பொருளில் உள்ள ஒவ்வொரு கட்டுப்பாடும் எந்த விசிறியுடையது என்று கண்டறிய வேண்டும். கேபினட்டின் பக்கத் தகட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டுப்பாட்டையும் ஒருமுறை குறைத்து, எது தளர்கிறது என்று பார்த்து, முன் விசிறி, பின் விசிறி, செயலி விசிறி என்று பெயரிடுங்கள். ஒரே முனையில் பிரிப்பான் கம்பி வழியாக இரண்டு விசிறிகள் இணைந்திருந்தால், அவற்றில் ஒன்றின் வேகம் மட்டுமே திரையில் தெரியும். மற்றது நின்றுபோனாலும் மென்பொருளுக்குத் தெரியாது.

பிறகு ஒவ்வொரு விசிறியின் கீழ் எல்லையையும் அளக்க வேண்டும். ஐந்து ஐந்து சதவீதமாகக் குறைத்துக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் விசிறி நின்றுவிடும். மீண்டும் கூட்டும்போது, நின்ற இடத்தைவிடச் சற்று உயரத்தில்தான் அது சுழலத் தொடங்கும். 20 சதவீதத்தில் நின்ற விசிறி மறுபடி கிளம்ப 30 சதவீதம் கேட்கலாம். ஃபேன் கன்ட்ரோல் இந்த அளவீட்டைத் தானாகவே செய்து, தொடக்க மதிப்பையும் நிற்கும் மதிப்பையும் குறித்துக்கொள்ளும்.

வளைவை வரைதல்

விசிறி வளைவு என்பது கிடை அச்சில் வெப்பநிலையும் செங்குத்து அச்சில் விசிறி வேகமும் கொண்ட ஒரு கோடு. இதை வரையும்போது மனத்தில் இருக்க வேண்டிய உண்மை, காதை உறுத்துவது வேகத்தைவிட வேக மாற்றம்தான் என்பது. ஒரே சீராக நிமிடத்துக்கு 1,000 சுற்றில் ஓடும் விசிறியைச் சற்று நேரத்தில் மறந்துவிடுவோம். 700-க்கும் 1,100-க்கும் இடையில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும் விசிறியை மறக்கவே முடியாது.

இன்றைய செயலி ஓர் இணையப் பக்கத்தைத் திறப்பதற்குக்கூட ஒரு நொடியில் 15, 20 டிகிரி தாவி, அடுத்த நொடியே இறங்கிவிடும். அந்தத் தாவலை விரட்டிக்கொண்டு விசிறி ஓடுவதில் பயன் எதுவும் இல்லை. விசிறி வேகம் எடுப்பதற்குள் தாவலே முடிந்திருக்கும், அந்தச் சிறிய வெப்பத்தை ஹீட்சிங்க்கின் உலோகமே உள்வாங்கியிருக்கும். இதைச் சமாளிக்க இரண்டு அமைப்புகள் உள்ளன. ஒன்று தாமதம்: வெப்பநிலை உயர்ந்து மூன்று முதல் ஐந்து நொடிகள் நிலைத்தால் மட்டுமே வேகத்தைக் கூட்டச் செய்வது, இறக்குவதற்கு இன்னும் அதிக நேரம் கொடுப்பது. மற்றது ஹிஸ்டெரிசிஸ்: 65 டிகிரியில் கூட்டிய வேகத்தை, வெப்பநிலை 60-க்கு இறங்கிய பிறகே குறைப்பது. பயாஸ்களிலும் தாமத அமைப்பு பெரும்பாலும் இருக்கும். வெவ்வேறு பெயர்களில் இருப்பதால் அது பலர் கண்ணில் படுவதில்லை.

செயலி விசிறிக்கு ஒரு நல்ல தொடக்கம்: 55 டிகிரி வரை அதன் நிலையான கீழ் வேகம், அங்கிருந்து 75 டிகிரிக்குள் மெதுவாக 60 சதவீதம், அதன்பின் செங்குத்தாக ஏறி, வரம்புக்குப் பத்து டிகிரி முன்னதாக 100 சதவீதம். ஓய்வு நிலையில் உங்கள் செயலி 50-க்கும் 60-க்கும் இடையில் ஊசலாடினால், வளைவின் தட்டையான பகுதியை 65 வரை நீட்டுங்கள். அன்றாடத் தாவல்கள் முழுவதும் தட்டையான பகுதிக்குள் அடங்கிவிட்டால் விசிறியின் குரலே மாறாது.

மேல் முனையைப் பற்றியும் யோசிக்க வேண்டும். காற்றின் அளவு வேகத்துக்கு நேர் விகிதத்தில் கூடுகிறது, ஆனால் இரைச்சல் அதைவிட வேகமாக வளர்கிறது. விசிறிப் பொறியியலின் பொது விதிப்படி, வேகத்தைப் பாதியாக்கினால் இரைச்சல் ஏறக்குறைய 15 டெசிபெல் குறையும், 100-லிருந்து 80 சதவீதமாக்கினாலே ஏறக்குறைய 5 டெசிபெல் குறையும். அந்தக் கடைசி 20 சதவீதம் வெப்பநிலையில் பெரும்பாலும் ஓரிரண்டு டிகிரி வேறுபாட்டையே தருகிறது. ஆகையால் நீடித்த பளுவில் 75 சதவீதத்துக்குள் நிலைகொள்ளும்படி வளைவை அமைத்து, முழு வேகத்தை அவசரத்துக்கென்று ஒதுக்கிவைப்பதே என் பரிந்துரை.

கேபினட் விசிறிகள் எந்த உணரியைப் பின்பற்ற வேண்டும் என்பதில்தான் பயாஸின் குறைபாடு வெளிப்படுகிறது. பயாஸுக்குப் பெரும்பாலும் செயலியின் வெப்பநிலையும் மதர்போர்டின் வெப்பநிலையும்தான் தெரியும். விளையாட்டின்போது அதிக வெப்பத்தை வெளியிடுவது கிராஃபிக்ஸ் கார்டு. செயலியோ மிதமான சூட்டில் இருக்கும். செயலியை மட்டும் பின்பற்றும் கேபினட் விசிறிகள் அப்போது மந்தமாகவே சுழலும். ஃபேன் கன்ட்ரோலில் இரண்டு வளைவுகளை உருவாக்கி, எது அதிக வேகம் கேட்கிறதோ அதை எடுத்துக்கொள்ளும்படி ஒரு கலவை வளைவாக இணைக்கலாம். மென்பொருளை நிரந்தரமாக ஓடவிடுவதற்கு நியாயமான காரணம் என்று நான் ஒப்புக்கொள்வது இதை மட்டுமே.

திரவக் குளிர்விப்பு இருந்தால், பம்ப்பின் வேகத்தை வளைவில் சேர்க்காமல் நிலையாக வைத்துவிடுங்கள். ரேடியேட்டர் விசிறிகள், உணரி இருக்குமானால், செயலியை விட்டுவிட்டுத் திரவத்தின் வெப்பநிலையைப் பின்பற்றட்டும். அது மெதுவாகவே மாறும் என்பதால் தாவல் தொல்லையே இராது.

கிராஃபிக்ஸ் கார்டுகள் பலவற்றில் குறைந்த சூட்டில் விசிறிகள் முழுதாக நின்றுவிடும். இது பழுதல்ல. ஆனால் அந்த எல்லையிலேயே கார்டு ஊசலாடினால் விசிறி நின்று நின்று கிளம்பும். ஆஃப்டர்பர்னரில் ஹிஸ்டெரிசிஸைக் கூட்டினால் இது அடங்கும்.

பயாஸில் பதிதல்

மென்பொருள் செயலிழந்தால், சூப்பர் ஐஓ சில்லு தனக்குக் கடைசியாகக் கிடைத்த வேகத்தையே பிடித்துக்கொண்டிருக்கக்கூடும். அந்த வேகம் 25 சதவீதமாக இருந்து, அந்த நேரம் பார்த்துப் பெரிய வேலை ஒன்று ஓடத் தொடங்கினால், விசிறி உயரவே உயராது. செயலி தன்னைத்தானே காத்துக்கொள்ளும். எஸ்எஸ்டியும் மின்னழுத்தச் சுற்றுகளும் வெந்துகொண்டிருக்கும். உறக்க நிலையிலிருந்து எழும்போதும், உள்நுழைவதற்கு முந்தைய நேரத்திலும் மென்பொருளின் பிடி இருப்பதில்லை. ஆகவே கிடைத்த வளைவை ஏசூஸில் கியூ-ஃபேன், கிகாபைட்டில் ஸ்மார்ட் ஃபேன் என்று அழைக்கப்படும் பயாஸ் பகுதியில் புள்ளி புள்ளியாகப் பதிந்துவிடுங்கள். கலவை வளைவுக்காக மென்பொருளைத் தொடர்வோரும், பயாஸில் பாதுகாப்பான ஒரு வளைவை அடித்தளமாக வைத்திருக்க வேண்டும்.

எப்படியானாலும், விசிறியைக் கட்டுப்படுத்தும் இரு மென்பொருள்களை ஒரே நேரத்தில் ஓடவிடாதீர்கள். மதர்போர்டு நிறுவனத்தின் மென்பொருளும் ஃபேன் கன்ட்ரோலும் ஒன்றின் கட்டளையை மற்றது மாற்றிக்கொண்டே இருந்தால், விசிறி காரணமின்றி ஏறி இறங்கும்.

லினக்ஸ், மேக், மடிக்கணினி

லினக்ஸில் எல்எம்-சென்சார்ஸ் தொகுப்பை நிறுவி, அதன் கண்டறியும் நிரலை ஒருமுறை ஓட்டினால், தேவையான இயக்கிகளைப் பரிந்துரைக்கும். இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் இந்த மதிப்புகளை எச்டபிள்யூமான் என்ற கோப்புறையில் வைக்கிறது. வெப்பநிலை டிகிரியின் ஆயிரத்தில் ஒரு பங்கிலும், விசிறிக் கட்டளை 0 முதல் 255 வரையிலும் இருக்கும். எனவே 45000 என்று தெரிந்தால் 45 டிகிரி, 128 என்றால் ஏறத்தாழ பாதி என்று கொள்ள வேண்டும். இந்தக் கோப்புறைகளின் வரிசை எண் மறுதொடக்கத்தில் மாறக்கூடும் என்பதை நினைவில் வைத்து, சொந்தமாக நிரல் எழுதுவோர் எண்ணை நம்பாமல் சாதனத்தின் பெயரைக் கொண்டு தேட வேண்டும். வரைகலை இடைமுகம் வேண்டுவோருக்கு கூலர்கன்ட்ரோல் உள்ளது.

மேக் கணினிகளில் மேக்ஸ் ஃபேன் கன்ட்ரோல் பயன்படும். ஆப்பிளின் சொந்தச் சில்லு கொண்ட மேக்புக் ஏர் மாதிரிகளில் விசிறியே கிடையாது என்பதால் அங்கே அதற்கு வேலையில்லை. மடிக்கணினிகளில் விசிறியை ஆள்வது தயாரிப்பாளர் மூடிவைத்த ஒரு தனிக் கட்டுப்பாட்டுச் சில்லு. நோட்புக் ஃபேன்கன்ட்ரோல் போன்ற மென்பொருள், குறிப்பிட்ட மாதிரிகளுக்கென எழுதப்பட்ட அமைவுக் கோப்புகளைக் கொண்டு இயங்குகிறது. உங்கள் மாதிரிக்கு இல்லை என்றால், பெயர் நெருங்கி வருகிறதே என்று வேறொன்றின் கோப்பைப் பயன்படுத்துவது ஆபத்து. அதைவிடச் சூட்டையே குறைப்பது எளிது: விண்டோஸின் மின்திட்ட அமைப்பில் செயலியின் உச்ச நிலையை 99 சதவீதமாக்கினால், பல செயலிகளில் டர்போ எனப்படும் தற்காலிகக் கூடுதல் வேகம் நின்று, சற்று வேகக் குறைவோடு வெப்பநிலை பல டிகிரி இறங்கும்.

சரிபார்த்தல்

எல்லாம் முடிந்ததும், முதலில் கொடுத்த அதே பளுவை அதே கால அளவுக்குக் கொடுத்து, பழைய பதிவோடு ஒப்பிடுங்கள். செயலி நான்கைந்து டிகிரி கூடுதலாகவும், வரம்புக்குப் போதிய தொலைவிலும் இருந்து, இரைச்சல் தெளிவாகக் குறைந்திருந்தால் அமைப்பு வெற்றிதான். எஸ்எஸ்டியின் அதிகபட்சத்தைப் பார்க்க மறக்க வேண்டாம். கேபினட் விசிறிகளைக் குறைப்பதன் விளைவு பெரும்பாலும் அங்கேதான் முதலில் தெரியும். ஆண்டின் வெப்பமான நாளொன்றில் இதே சோதனையை மறுபடி செய்யுங்கள். பயாஸைப் புதுப்பிக்கும்போது விசிறி வளைவுகள் பெரும்பாலும் அழிந்து தொடக்க நிலைக்குப் போய்விடும் என்பதால், பதிந்த வளைவுத் திரைகளைக் கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொண்ட பிறகே புதுப்பிப்பைத் தொடங்குங்கள்.